மாநாட்டு மேடைக்கு எதைக் கொண்டு போவது?

எல்லோருக்கும் வணக்கம்.

முதன்முறையாக மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் உங்களை மனதில் வைத்தே பேசுகிறேன்.

மாநாடு எல்லாத் தொழிலுக்கும் உண்டு. ஆனால் உளவள ஆலோசகர்களுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. அறுவை மருத்துவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்துவதை ஒரு வகுப்பே பார்க்கிறது. நம் வேலை மூடிய அறைக்குள், பெரும்பாலும் இரண்டே பேருக்கு நடுவில் நடக்கிறது. அதில் ஒருவர் வேதனையோடு வந்திருப்பவர். நாம் செய்தது சரியா என்று எடைபோடும் பொறுப்பை அவர் தலையில் கட்ட முடியாது. மேற்பார்வையாளர் இருக்கிறாரே என்பீர்கள். பல இடங்களில் அவருக்கும் நாம் சொன்னது மட்டும்தான் தெரியும்.

அந்த அறைக்குள் நடப்பதை வெளியே கொண்டுவந்தவர்களில் முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ். 1940 டிசம்பர் 11 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அறிவுரை சொல்வது, தூண்டி இழுப்பது என்று அப்போது வழக்கத்தில் இருந்த முறைகளை அதில் கேள்விக்குள்ளாக்கினார். பாராட்டும் வந்தது, கடுமையான தாக்குதலும் வந்தது. புதிதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறோம் என்பதே அந்த எதிர்வினையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வந்தவரையே மையமாக வைக்கும் ஆலோசனை முறை பிறந்த நாளாக அந்த நாளைத்தான் அவர் பின்னாளில் குறிப்பிட்டார். நம் கருத்து என்ன என்பது, பிறர் அதை எதிர்க்கும்போதுதான் நமக்கே தெளிவாகிறது. மேடை ஏறுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. இசைத்தட்டு போன்ற தட்டுகளில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்றி மாற்றி, ஆலோசனை உரையாடல்களைப் பதிவு செய்தார். ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் ஒருவருடைய 8 சந்திப்புகளை 1942இல் சொல்லுக்குச் சொல் அச்சில் வெளியிட்டார். ஆலோசகர் எங்கே சறுக்கினார் என்பதையும் குறிப்புகளில் எழுதினார். எவ்வளவு நேர்மை பாருங்கள்!

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நம் துறையில் இருக்கிறது. 1895இல் புரூயர், ஃபிராய்டு என்ற இரண்டு வியன்னா மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட நூலில் ‘அன்னா ஓ’ என்ற பெண் நோயாளி வருகிறார். நிஜப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹெய்ம். பெயரின் முதலெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பதிலாக, அகரவரிசையில் அதற்கு முந்தைய எழுத்தைப் போட்டார்கள். பெர்த்தாவின் B, A ஆனது. பாப்பன்ஹெய்மின் P, O ஆனது. மறைப்பு அவ்வளவுதான். பிறகு அவர் ஜெர்மனியில் பெண்கள் உரிமைக்காக உழைத்து, 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கிய பெரிய ஆளுமையாக வளர்ந்தார். 1936இல் இறந்தார். 1953இல் ஃபிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் இவர்தான் அன்னா ஓ என்று பெயரைப் போட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் செய்த பணி ஒருபுறம் இருக்க, உலகம் அவரை நோயாளியாகவே நினைவில் வைத்திருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. குணமானவர் என்று அந்த நூலில் காட்டப்பட்டவர், 1882இல் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டிருந்தார். எல்லன்பெர்கர் என்ற வரலாற்றாசிரியர் 1972இல் அந்த ஆவணங்களை வெளியிட்டார்.

மறைக்க வேண்டியதைச் சரியாக மறைக்கவில்லை. சொல்ல வேண்டியதை மறைத்துவிட்டார்கள். மேடைக்குப் போகும் நாம் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முதலில் ஆளை மறைப்பது. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014 நெறிமுறைக் கோவை இரண்டு வழிகளைச் சொல்கிறது: சம்பந்தப்பட்டவர் நாம் எழுதியதைப் படித்துச் சம்மதிக்க வேண்டும், அல்லது அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்ற வேண்டும். பெயரையும் வயதையும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தீயணைப்புப் பணி செய்பவர், இரட்டைக் குழந்தைகளின் தாய், அண்மையில் கணவரை இழந்தவர் என்று மூன்று விவரங்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் பெயரே தேவையில்லை. தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த விவரம் உங்கள் வாதத்துக்குத் தேவையோ அதை மட்டும் வையுங்கள், மற்றதை எடுத்துவிடுங்கள். துக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் அவர் என்ன வேலை செய்தால் என்ன?

சம்மதம் கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்னும் நம்மிடம் வந்துகொண்டிருப்பவரால் ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல முடியாது. எழுதியதைக் கையில் கொடுத்து, நிதானமாகப் படிக்க விட்டு, மறுத்தாலும் ஆலோசனையில் எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தயக்கம் தெரிந்தால் அதையே மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேலையைக் காட்டுவது. பல அமர்வுகளில் கோட்பாட்டுக்கே முக்கால் நேரம் போய்விடுகிறது. ‘அவர் மிகவும் முன்னேறினார்’ என்ற ஒரு வரியோடு கதை முடிகிறது. அங்கே எப்படி முன்னேறினார் என்பதுதான் எனக்கு வேண்டும். இந்த உரைக்காக நான் எழுதிய ஒரு சின்ன உரையாடலைக் கேளுங்கள்.

“அம்மா இறந்த அன்றைக்கு நான் அழவே இல்லை.”

“அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும்.”

“ம்… அப்படித்தான் போல.”

மூன்றே வரி. ஆறுதலாகச் சொன்ன பதில்தான், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ‘அழவே இல்லை’ என்பதில் குற்ற உணர்வா, வியப்பா, நிம்மதியா என்று இனி அவர் சொல்லப்போவதில்லை. பதில் சொல்லாமல் சற்றுக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அழவே இல்லை’ என்று அவர் சொல்லையே திருப்பிச் சொல்லியிருந்தால்? இதை ஓர் அரங்கம் அரை மணி நேரம் பேசலாம். நாற்பது ஸ்லைடுகளைவிட இந்த மூன்று வரி அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கேட்க மட்டும் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முறையைச் சாராத அமர்வு ஒன்றிலாவது உட்காருங்கள். பயிற்சி நேரச் சான்றிதழுக்காக மட்டும் வந்து, தெரிந்ததையே மறுபடி கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உணவு வரிசையிலும் லிப்ட்டிலும் ‘என்னிடம் ஒருவர் வருகிறார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அரங்கத்துக்குள் இருக்கும் கட்டுப்பாடு அங்கேயும் உண்டு.

கேள்வி நேரத்தில் எழுந்து தன் முறையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர்கள் எல்லா மாநாட்டிலும் இருப்பார்கள். ‘அந்த இடத்தில் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். பேசியவர் யோசிக்க நேரம் எடுத்தால் எடுக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பேசுகிறவர்களும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்காக ஒதுக்கி வையுங்கள். நானும் ஒதுக்கியிருக்கிறேன். சரி, கேளுங்கள்.