கலைந்து வரும் சிக்னலும் கற்றுக்கொள்ளும் ரிசீவரும்

நேயர்களுக்கு வணக்கம். ஆடி மாதம் வந்தால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். கூழ் ஊற்றுகிற அன்று மைக்கில் ஒருவர் "பக்தகோடிகளே" என்பார். இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறீர்களா? பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு "பக்தகோடிகளே". தெருக்கோடி கம்பத்திலிருந்து இன்னொன்று. எதிர்மாடிச் சுவரில் பட்டுத் திரும்புகிற மூன்றாவது ஒன்று. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் கால் நொடிக்கும் மேல் பிந்தி வந்து, அடுத்த சொல்லின் தலையில் உட்காரும்.

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் மைக் பிடிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் ரயில் வேகம். ஒரு வருஷம் கூட்டத்தில் ஒரு பையன் தொலைந்துவிட்டான். அண்ணன் மூச்சு விடாமல் அடையாளம் சொல்கிறார், ஒருத்தருக்கும் விளங்கவில்லை. சட்டை சிவப்பா பச்சையா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பந்தலில் இருந்த ஒரு பாட்டி போய், "யப்பா, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொல்லுப்பா" என்றார். "சிவப்பு..." கொஞ்சம் இடைவெளி. "சட்டை..." மறுபடி இடைவெளி. பையன் ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து கிடைத்தான். கையில் பால் ஐஸ் வேறு. வாங்கிக் கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, அது இருக்கட்டும்.

போன் லைனிலும் ரேடியோவிலும் போகிற சிக்னலும் இதே மாதிரிதான் ஒன்றன் தலையில் ஒன்று விழுந்து கலையும். பாட்டி சொன்னதுதான் அதற்கு எளிய வழி. எதிரொலி அடங்கட்டும், அப்புறம் அடுத்ததை அனுப்பு. ஆனால் அப்படிச் செய்தால் வேகம் போய்விடும். நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலமெல்லாம் பிடிவாதமாகச் சொல்லிவந்தது இதற்கு அடுத்த படியை. பேசுகிறவர் வேகமாகவே பேசட்டும், கேட்கிற பக்கம், அதாவது ரிசீவர், எதிரொலியைக் கழித்துக்கொள்ளட்டும். இந்த வேலையைச் செய்கிற பகுதிக்கு அடாப்டிவ் ஈக்வலைசர் என்று பெயர். டேப் ரெக்கார்டரில் பாஸ், ட்ரெபிள் ஏற்றி இறக்குவோமே, அந்த ஈக்வலைசருக்குத் தூரத்துச் சொந்தம். அதை நாம் கையால் திருப்பினோம். இது தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும்.

எப்படி? இன்டர்நெட் நம் நாட்டில் பொதுமக்களுக்கு வந்தது 1995-ல். அப்போது கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கிற மோடம் போனில் கிர்ர், கீச் என்று கத்தும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கத்தலில் ஒரு பகுதி பாடம் நடத்துவது. இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த ஒரு வரிசையை அந்த முனை அனுப்பும். வரவேண்டியது என்ன என்று இந்த முனைக்குத் தெரியும். வந்தது என்ன என்பதும் கையில் இருக்கிறது. வித்தியாசத்தைப் பார்த்து, வந்த சிக்னலிலும் அதற்குச் சற்று முன்னால் வந்தவற்றிலும் எதை எவ்வளவு கூட்ட, எவ்வளவு கழிக்க என்று துளித்துளியாகத் திருத்திக்கொள்ளும். பெரிய துளியாகத் திருத்தினால் சீக்கிரம் படியும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும். சின்னத் துளி என்றால் ஆடாது, படிய நேரமாகும்.

இந்த விதியை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விட்ரோவும் அவருடைய மாணவர் ஹாஃபும் 1960-ல் வெளியிட்டார்கள். டெலிபோன் லைனில் தானாகச் சரிசெய்கிற முறையை பெல் ஆய்வகத்தில் ராபர்ட் லக்கி 1965-ல் எழுதினார். ஒவ்வொரு தடவை டயல் செய்யும்போதும் வேறு வேறு லைன் கிடைக்கும். முன்கூட்டியே திருகி வைக்க முடியாது. அதனால்தான் தானாகக் கற்பது கட்டாயமாயிற்று.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பாடம் முடிந்து நிஜத் தகவல் வர ஆரம்பித்துவிட்டது. இப்போது விடைத்தாள் எங்கே? இல்லை. வந்தது பூஜ்யமா ஒன்றா என்று ரிசீவர் முடிவெடுக்கிறது, அந்த முடிவையே சரியான விடையாக வைத்துத் திருத்திக்கொள்கிறது. முடிவு பெரும்பாலும் சரியாக இருக்கும்வரை இது ஜோராக ஓடும். தப்பு மிகுந்துவிட்டால் தன் தப்பையே பாடமாகப் படிக்கும். அப்போது முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியதுதான்.

2ஜி செல்போனில் இது இன்னும் கஷ்டம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி, நடுவில் ஷேர் ஆட்டோ, அதற்குள் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்கிறீர்கள். லாரியின் இரும்புச் சுவர், எதிர்க் கட்டிடம் என்று எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி. 900 மெகாஹெர்ட்ஸில் ஆட்டோ ஒரு சாண் நகர்வதற்குள்ளேயே எதிரொலிகளின் கூட்டு மாறிவிடும். அதனால் பேச்சைத் துண்டு துண்டாக அனுப்பும்போது, 148 பிட் (பிட் என்றால் ஒரு பூஜ்யம் அல்லது ஒன்று) கொண்ட ஒவ்வொரு துண்டின் நடுவிலும் 26 பிட் பாடத்துக்கென்றே ஒதுக்கினார்கள். ஆரம்பத்தில் வைத்தால் கடைசிக்குள் பாதை மாறியிருக்கும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் சம தூரம். பேச்சு தெளிவாக இருந்தால் "டவர் நல்லா இருக்கு" என்கிறோம். போனுக்குள் இவ்வளவு கழித்துக் கூட்டுவதற்கு ஒரு நன்றி கிடையாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நிலையத்தில் கை காட்டுகிறார்கள். தகவலை ஒளியாகக் கொண்டுபோகிற கண்ணாடி இழையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-ல் திறந்த கடலடி கேபிள் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் ஒளியும் பரவிக் கலையும், இன்றைய ஒளி ரிசீவர்களுக்குள்ளும் இதே துளித்துளித் திருத்தம் ஓடுகிறது. பாட வரிசையே இல்லாமல் கற்கிற முறைகளும் உண்டு. 4ஜி, 5ஜியில் தகவலை நூற்றுக்கணக்கான மெதுவான ஓடைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். பாட்டியின் வழியேதான், ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மைக். அதில் ஒவ்வொரு ஓடைக்கும் ஒரே ஒரு பெருக்கல் போதும். ஏன் போதும் என்பதற்கு இன்னொரு பதினைந்து நிமிடம் வேண்டும், நிலையத்தார் கொடுத்தால் வருகிறேன். வணக்கம்.