ஊறுறது வேற, வழியுறது வேற

எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கே வந்துடுறேன். கிளிமூக்கு மாங்காய கீறி, உப்பும் மிளகாத்தூளும் தடவி, ஒரு துண்ட நான் இப்ப நறுக்குன்னு கடிக்கிறேன்னு வெச்சுக்கோங்க... பாதிப் பேருக்கு வாய் ஊறியிருக்குமே! இங்க மாங்காயே இல்ல, நான் சொன்னது வெறும் பேச்சு, ஆனா காதுக்கு முன்னாடி, தாடைக்கு அடியில, நாக்குக்குக் கீழன்னு ஜோடி ஜோடியா இருக்கிற சுரப்பிங்க அதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிருச்சு. ரஷ்யாவுல பாவ்லோவ் கண்டதும் இதத்தான். செரிமான ஆராய்ச்சிக்காக 1904ல நோபல் வாங்குனவரு. சாப்பாடு கண்ணுல படுறதுக்கு முன்னாடியே, அத கொண்டு வர்ற ஆளோட காலடிச் சத்தத்துக்கே நாய்ங்களுக்கு எச்சி ஊறுச்சு.

இதுல நம்ம மனசோட உத்தரவு எதுவும் இல்ல பாருங்க. அதனாலதான் 'நான் ஊறுறேன்'னு யாரும் சொல்றதில்ல, 'எனக்கு நாக்கு ஊறுது'ன்னு சொல்றோம், எனக்குப் பசிக்குது, எனக்குத் தூக்கம் வருதுங்கிற மாதிரி. தானா நடக்குது, ஆள் மேல பழி இல்ல. புதுசா வந்த பைக்கப் பாத்து நாக்கு ஊறுதுன்னு ஒருத்தன் சொன்னா நமக்குக் கோவம் வருதா? வராது, ஆசைதானே, உள்ளுக்குள்ளதானே இருக்கு. மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறுற மாதிரி படிக்கப் படிக்க அறிவு ஊறும்னு வள்ளுவர் சொல்றதும் இதே ஊறுதான்.

அது வாய விட்டு வெளிய வந்துட்டா பேச்சே மாறிடும். ஜொள்ளு விடுறான், ரொம்ப வழியாதடா, பதவிக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுறான், இப்படி எதச் சொன்னாலும் அதுல திட்டு இருக்கும். பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ண வெறிச்சு வெறிச்சுப் பாக்குறவனுக்கு 'பாவம், நாக்கு ஊறுது'ன்னு யாரும் சலுகை தர மாட்டாங்க, ஜொள்ளு விடுறான்னு பொறுப்ப அவன் தலையிலதான் வைப்பாங்க, அது ரொம்பச் சரின்னுதான் நான் சொல்லுவேன். ஆசை வந்ததுக்கு இல்ல, அத அடுத்தவங்க மேல வழிய விட்டதுக்கு.

எச்சிங்கிற வார்த்தைக்கும் இதே கதிதான். வாய்க்குள்ள இருக்கிறவரைக்கும் அது இல்லாம ஒரு வாய் சோத்தக்கூட முழுங்க முடியாது, மாவுச்சத்து செரிக்க ஆரம்பிக்கிறதே அதுலதான், சோத்த நல்லா மென்னுக்கிட்டே இருந்தா லேசா இனிக்குமே, அது அந்த வேலைதான். வெளிய வந்தா எச்சித் தட்டு, எச்சிக் கை. ஆளத் திட்டவே அத வெச்சு ஒரு வார்த்தை இருக்கு, மேடையில வேணாம்.

இதனாலயே சில பேரு வாய் ஊறுதுன்னு சொல்லவே கூச்சப்படுறாங்க, அது கொச்சையாம்! அவங்க 1121வது குறளப் படிக்கணும். 'பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்.' காதலியோட வெள்ளப் பல்லுல ஊறுன தண்ணி, பாலும் தேனும் கலந்தாப்புல இருக்காம். எச்சிங்கிற பேச்சே கிடையாது, 'ஊறிய நீர்', அவ்ளோதான், காதற்சிறப்புரைத்தல்ங்கிற அதிகாரமே இந்தக் குறள்லதான் ஆரம்பிக்குது.