உமர் சுலைமானுக்குப் பின்னால் நின்றவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அரபு மொழிச் சமூக ஊடகப் பதிவுகளில் சொல்லும் படமும் சேர்ந்து எப்படிச் சிரிப்பை உண்டாக்குகின்றன என்பதற்குப் பத்துச் சான்றுகளை அடுக்குவதைவிட, ஒன்றை நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2011 பிப்ரவரி 11 மாலை, எகிப்தின் துணை அதிபர் உமர் சுலைமான் தொலைக்காட்சியில் தோன்றி, ஹோஸ்னி முபாரக் பதவி விலகிவிட்டதாக அறிவித்தார். 30 ஆண்டுக்கால ஆட்சியின் முடிவைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் ஒருவர், புருவத்தை நெரித்தபடி, கடுகடுவென்ற முகத்துடன் நின்றுகொண்டிருந்தார். மக்கள் அந்த முகத்தை வெட்டியெடுத்துக் கண்ட படங்களிலெல்லாம் ஒட்டினார்கள். "அர்ராகில் இல்லி வாஇஃப் வரா உமர் சுலைமான்", அதாவது "உமர் சுலைமானுக்குப் பின்னால நிக்கிற ஆளு" என்று அவருக்குப் பெயரும் வைத்தார்கள்.

வேடிக்கை அந்தப் பெயரின் நடையில் இருக்கிறது. சுலைமான் வாசித்த அறிவிப்பு ஃபுஸ்ஹா எனப்படும் முறையான எழுத்து நடை அரபு. பெயரோ ஆம்மியா, அதாவது கெய்ரோத் தெருவின் பேச்சு. 1959இல் மொழியியலாளர் ஃபெர்குசன் இரட்டை வழக்கை விளக்க எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படத்தில் கண் தலைவரைவிட்டுப் பின்னால் நிற்பவரிடம் நழுவுகிறது. சொல்லிலும் நடை மேலிருந்து கீழே நழுவுகிறது. இரண்டு சறுக்கலும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் அது சிரிப்பு என்பது என் கருத்து.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2000இல் தொடங்கிய ஸ்பேஸ்டூன் அலைவரிசையின் கார்ட்டூன்கள் ஃபுஸ்ஹாவிலேயே பேசின. அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு "தப்பன்!" என்ற சொல் வில்லன்களின் சாபம், வீட்டில் யாரும் அப்படிச் சபிப்பதில்லை. ஆறிப்போன தேநீர்ப் படத்தின் கீழே அதை எழுதினால் போதும்.

சில சமயம் ஒரே சொல் இரண்டு படங்களைத் தாங்கும். ஒருவரை ஒரே பதிலில் வாயடைக்கச் செய்வதை "கஸ்ஃப் ஜப்ஹா" என்பார்கள். கஸ்ஃப் என்றால் குண்டுவீச்சு. ஜப்ஹா என்றால் போர்முனை, நெற்றி என இரு பொருளும் உண்டு. பக்கத்தில் பீரங்கிப் படத்தை வைத்தாலும் பொருந்தும், புகையும் நெற்றியை வைத்தாலும் பொருந்தும். தமிழில் பெயர்க்கும்போது நான் இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடிகிறது.