துவரையின் பங்காளி

(பென்னாகரம் பக்கத்து உழவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வரும் வழியில் ஒரு பாறை ஓரம் வண்டியை நிறுத்தி, இந்தக் கொடியில் ஒரு நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, கைமாற்றிப் பாருங்கள். மூன்று மூன்றாக இலை. பாதிச் சுண்டுவிரல் நீளத்தில் காய். வெளிச்சத்தில் பிடித்தால் காய் முழுக்கப் பூனைமுடி மாதிரி ரோமம் தெரியும். முற்றினால் வெடித்து, விதை தூரப் போய் விழும். மாடு மேய்ப்பவர்களுக்கு இது வெறும் கொடி. உண்மையில் இது காட்டுத்துவரை, நம் வயல் துவரைக்குப் பங்காளி.

துவரை பூத்ததும் காய்ப்புழு வந்துவிடுகிறது. எத்தனை தடவை மருந்து அடிக்கிறோம்! இந்தக் காயின் ரோமத்தைத் தாண்டிக் குஞ்சுப் புழுவால் எளிதில் துளைக்க முடிவதில்லை. வயல் துவரையோடு இதைக் கலப்பு செய்யவும் முடியும். 2004-ல் குஜராத்தில் வெளியான ஜி.டி.எச். 1 என்ற கலப்பினத் துவரைக்கு வேண்டிய ஆண்மலட்டுத் தன்மை, அதாவது பூவில் நல்ல மகரந்தம் உண்டாகாத குணம், இந்தக் கொடியிலிருந்துதான் கிடைத்தது.

நெல்லில் நடந்தது இதைவிடப் பெரிது. 1970-களில் புகையான் பூச்சி பரப்பிய குட்டை நோய் ஆசியாவின் பல நாடுகளில் நெல்லை வாட்டியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கி நின்றது ஒன்றே ஒன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்த காட்டு நெல். அதன் குணத்தை ஏற்றித்தான் 1976-ல் ஐ.ஆர். 36 என்ற நெல் ரகம் வந்தது. அந்தக் காட்டு நெல் முளைத்த இடத்தை அதற்கு முன்பே யாராவது மண் கொட்டி மேடாக்கியிருந்தால்? நினைக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

விதையை எடுத்துக் குளிர் அறையில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். தில்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது, மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் 1996-ல் உள்ளே போன விதை 1996-லேயே நிற்கும். நம் ஊர் வறட்சி அதற்குத் தெரியாது, புதிதாக வந்த பூச்சியும் தெரியாது. பாறை ஓரத்துக் கொடி அப்படியில்லை. ஒவ்வொரு கோடையிலும் காய்ந்தது போக, தாங்கினது விதை போடுகிறது. தேனீ மகரந்தத்தை இங்கும் அங்கும் கொண்டுபோகிறது. அப்படித் தாங்கும் பழக்கம் வெளியில் நின்றால்தான் வரும்.

சரி, யார் இதை அழிக்கிறார்கள்? காட்டுக்குள் உண்ணிச்செடி மூடிக்கொண்டு கீழே எதையும் முளைக்க விடுவதில்லை. வயலோரத்தில் நாம்தான். நான் வேளாண் விரிவாக்க வேலையில் இருந்தபோது, வரப்பில் ஒரு புல் இருக்கக்கூடாது, களைக்கொல்லி அடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவன். வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு பாட்டி கேட்கவில்லை. ராகிக்கு நடுவே சால் விட்டு அவரையும் துவரையும் போட்டிருந்தார். வேலியோரம் நரிப்பயறும் இன்னும் என்னென்னவோ படர்ந்து கிடந்தன. "அதுங்களும் இருந்துட்டுப் போவட்டும் சார், அதுங்க என்ன கேக்குது?" என்றார். நான் படித்த படிப்பில் அது இல்லை. அன்று அவருக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று அவர் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. வரப்பில் ஒரு பக்கத்தையாவது மருந்து படாமல் விடுங்கள். ஓடைக்கரையையும் கோயில் காட்டையும் ஜே.சி.பி. விட்டுச் சமப்படுத்தாதீர்கள். அப்புறம், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரில் உள்ள செடி கொடி, உயிர்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் மாவும் புளியும் மட்டும் போதாது. காட்டுத்துவரை, நரிப்பயறு, சுண்டை, கவலைக்கிழங்கு எல்லாம் எந்தப் பாறையில், எந்த ஓடையில் என்று இடத்தோடு ஏற வேண்டும். எந்தச் செடி எங்கே என்று ஆடு மேய்க்கிற அம்மாக்களுக்குத்தான் தெரியும். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.

அந்தக் கொடி இப்போது யார் கையில் இருக்கிறது? அங்கேயா, சரி. அதற்கு உங்கள் ஊரில் என்ன பேர் சொல்வீர்கள்? கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போங்கள், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.