கடன் பாக்கியை விழுங்கிய அண்டர்ஸ்கோர்

(பட்டிமன்றத் தலைப்பு: ஹாஸ்கெல் என்ற நிரல் மொழிக்குப் புதிதாக வந்துசேரும், மதிப்பின் வடிவம் பார்த்துப் பதில் சொல்லும் ‘பேட்டர்ன்’ வசதிகள் வரமா, பாரமா? ‘வரமே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, சபையோரே, வணக்கம். நேரம் குறைவு, வணக்கத்துக்கு இவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரே ஒரு வரி சொன்னார், நீங்கள் கைதட்டினீர்கள், அந்தத் தட்டலோடு போய் உட்கார்ந்துவிட்டார். என்ன வரி? “ஓகேமல் சாப்பிட்டுப் போட்ட இலையில் இப்போது ஹாஸ்கெல் உட்கார்ந்து சாப்பிடுகிறது!” ஓகேமல் என்ற இன்னொரு நிரல் மொழியில் எப்போதோ வந்த வசதியை ஹாஸ்கெல் இப்போதுதான் எடுக்கிறதாம். அடடா, நானே தட்டினேன். அந்த இலைக்கு வருகிறேன் தம்பி, சும்மா விடமாட்டேன். அதற்கு முன்னால் ஒரு கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

அண்ணாச்சி கடை. பில் போடும் மென்பொருள் ஹாஸ்கெல்லில் எழுதியது. எந்த ஊர் அண்ணாச்சி ஹாஸ்கெல் வைத்திருக்கிறார் என்று நடுவர் முறைக்கக் கூடாது. பட்டிமன்றத்து அண்ணாச்சி வைத்திருப்பார். பணம் தரும் வகைக்கு ஒரு டேட்டா டைப், அதில் மூன்று கன்ஸ்ட்ரக்டர், அதாவது அந்த டைப்பின் மதிப்பு வரக்கூடிய மூன்று வடிவம்: ரொக்கம், கார்டு, யூபிஐ. (கோடில் இதைத் தமிழில் எழுத முடியாது என்பது தெரியும். கன்ஸ்ட்ரக்டர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமாம். நம் எழுத்தில் பெரியது ஏது, சின்னது ஏது? அது தனி வழக்கு.)

‘பணம் எங்கே போனது?’ என்று ஒரு ஃபங்ஷன் (விழா இல்லை, மதிப்பைக் கொடுத்தால் பதில் தரும் நிரல் துண்டு). ரொக்கமா, கல்லாவில். கார்டும் யூபிஐயும்? பேங்க்கில். இரண்டு வரியில் எழுத வேண்டியதை எழுதியவர் எப்படி முடித்தார்? ‘எது வந்தாலும் சரி’ என்று பொருள்படும் ஒரு அண்டர்ஸ்கோர், அந்த அடிக்கோட்டுக் குறி (_), போட்டு, ‘மற்றதெல்லாம் பேங்க்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைய தேதிக்கு அது நூற்றுக்கு நூறு சரி.

கொஞ்ச நாள் போனது. அண்ணாச்சி வந்து, “தம்பி, நம்ம கடையில பாதி யாவாரம் கடன்லதான் ஓடுது, அதையும் சேத்துவிடு” என்கிறார். நான்காவது கன்ஸ்ட்ரக்டர் சேர்ந்தது: கடன். கம்பைல் ஆகிறது, அதாவது நாம் எழுதியதைக் கம்பைலர் இயந்திரத்துக்கு மாற்றித் தருகிறது, அதுவும் பெரும்பாலான வார்னிங்கைக் காட்டச் சொல்லும் வால் (-Wall) ஃபிளாக் போட்டுத்தான். ஒரு வார்னிங் கிடையாது! ஏன்? கம்பைலர் கேட்கும் கேள்வி, ‘வரக்கூடிய எல்லா மதிப்புக்கும் ஒரு வரி இருக்கிறதா?’ அவ்வளவுதான். இருக்கிறதே! அண்டர்ஸ்கோர் எதையும் விழுங்குமே! கடன் உள்ளே வந்தது, நேரே அண்டர்ஸ்கோரின் வாயில் போனது, பேங்க்கில் பணமாக விழுந்தது.

மாதக் கடைசி. ஒருவர் வருகிறார். “அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவு?” அண்ணாச்சி திரையைப் பார்க்கிறார். “உமக்குப் பாக்கியே இல்லையே, பேங்க்ல கட்டியாச்சின்னு காட்டுதே!” வந்தவர் ஒரு நொடி யோசித்தார். “ஆமா அண்ணாச்சி, கட்டிட்டேன், மறந்துபோச்சு.” போய்விட்டார். அடுத்தவர் வந்தார். “எனக்கு?” “உமக்கும் இல்ல.” “அப்படியா! சரி, ரெண்டு கிலோ சீனி போடுங்க.” “பணம்?” “கடன்ல எழுதிக்குங்க!” மூன்றாவது ஆள் கேட்கவே இல்லை, பையோடு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் செய்தி: அண்ணாச்சி கடையில் கடன் வாங்கினால் பேங்க்கே கட்டிவிடுகிறதாம்! அரசாங்கம் செய்யாத கடன் தள்ளுபடியை ஒரு அண்டர்ஸ்கோர் செய்துவிட்டது, நடுவர் அவர்களே!

புரோகிராம் நின்றதா? இல்லை. எரர் வந்ததா? இல்லை. பேட்டர்ன் ஒன்றை விட்டுவிட்டு, அந்த மதிப்பும் ஓடும்போது வந்துவிட்டால், ‘நான்-எக்ஸாஸ்டிவ் பேட்டர்ன்ஸ்’ என்று கத்திக்கொண்டு விழும். அந்த விழலே மேல். அண்டர்ஸ்கோர் கத்தாது.

“அண்டர்ஸ்கோர் வேண்டாமென்றால் கார்டுக்கு ஒரு வரி, யூபிஐக்கு ஒரு வரி எழுத வேண்டியதுதானே, சோம்பேறித்தனமா?” என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். இரண்டுக்கு எழுதலாம். இருபது கன்ஸ்ட்ரக்டர் உள்ள டைப்பில் பதினேழுக்கு ஒரே பதில் என்றால்? ஒரே பதிலைப் பதினேழு முறை ஒட்டுவீர்கள். பிறகு பதில் மாறும். பதினாறு இடத்தில் மாற்றுவீர்கள். பதினேழாவதை எந்த டைப் செக்கரும் பிடிக்காது, டைப் பொருந்துகிறதே!

இதற்குத்தான் வந்தது ஆர்-பேட்டர்ன், ‘இதுவோ அல்லது அதுவோ’ என்று சொல்லும் பேட்டர்ன், 2024 டிசம்பரில், ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி கம்பைலரின் 9.12ஆம் பதிப்பில். அடைப்புக்குறிக்குள் கார்டு, ஒரு செமிகோலன், யூபிஐ. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். உள்ளே தொகை போன்ற ஃபீல்டு இருக்கிறதா? பெயருக்குப் பின்னால் வெறும் சுருள் அடைப்புக்குறி {} போடுங்கள்; நாளை ஃபீல்டு கூடினாலும் அந்த வரி உடையாது. இப்போது கடன் என்ற நான்காவதைச் சேர்த்துப் பாருங்கள். ‘கடனுக்கு வரி எங்கே?’ என்று கம்பைலர் கையைப் பிடித்துக் கேட்கும். ஏன் செமிகோலன், நேர்கோடு போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். ஹாஸ்கெல்லில் நேர்கோட்டை (|) ஏற்கெனவே ‘guard’ என்ற நிபந்தனைக்குக் கொடுத்தாயிற்று.

சரி, இலைக்கு வருவோம்.

தம்பி, ஓகேமலில் ஆர்-பேட்டர்ன் பல காலமாக இருக்கிறது, மறுக்கவில்லை. பைத்தானே 2021இல் 3.10 பதிப்பில் மேட்ச் என்று கொண்டுவந்து, அதிலும் ஆர்-பேட்டர்ன் வைத்துவிட்டது. பந்தியில் ஹாஸ்கெல் கடைசியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் இலை யாருடையது? 1980இல் பர்ஸ்டல், மெக்வீன், சனெல்லா மூவரும் எடின்பரோவிலிருந்து தந்த ஹோப் மொழியிலேயே பேட்டர்ன் வைத்துச் சமன்பாடு எழுதினார்கள். அப்போது ஓகேமல் பிறக்கவே இல்லை. அதுவும் விருந்தாளிதான் தம்பி!

இன்னொன்று. கடைசியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு லாபம் உண்டு: முன்னால் சாப்பிட்டவன் எதைக் கடித்துப் பல்லை உடைத்தான் என்று பார்க்கலாம். ஓகேமலில் ஆர்-பேட்டர்னுக்குள் வேரியபிள், அதாவது வந்த மதிப்பைப் பிடித்துவைக்கும் பெயர், வைக்கலாம். ஒரு பில்லுக்கு இரண்டு கார்டில் பணம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள், முதல் கார்டில் 500, இரண்டாவதில் 2000. ‘முதலாவது கார்டு, தொகை எக்ஸ், அல்லது இரண்டாவது கார்டு, தொகை எக்ஸ், எக்ஸ் 1000க்கு மேல் இருந்தால்’ என்று ஒரு வரி. படித்தால் என்ன தோன்றும்? இரண்டாவது 2000 அல்லவா, பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது! இடப்பக்கத்து மாற்று முதலில் ஒத்துப்போகும், எக்ஸ் 500 ஆகும், நிபந்தனை தோற்கும். வலப்பக்கத்தை முயன்று பார்க்கத் திரும்பி வரமாட்டார்கள். மொத்த வரியும் கைவிடப்படும். இந்தக் குழப்பத்துக்காகவே 2016இல் ஓகேமல் 4.03 பதிப்பில் 57ஆம் எண் வார்னிங்கைச் சேர்த்தார்கள்.

ஹாஸ்கெல் என்ன செய்தது? ஆர்-பேட்டர்னுக்குள் வேரியபிள் கட்டவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. கையைக் கட்டிப்போட்டதாகச் சிலருக்குக் கோபம். எனக்கே பாதிக் கோபம் உண்டு. இரண்டு கன்ஸ்ட்ரக்டரிலும் ஒரே தொகை ஃபீல்டு இருக்கும்போது அதை எடுக்க முடியவில்லை என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த 500, 2000 தகராறு இங்கே எழாது. இது எச்சில் இலையா தம்பி? கழுவித் துடைத்துப் போட்ட இலை!

“தினம் ஒரு வசதி, வந்தது போகாது” என்றும் சொன்னார்கள். தினமா? ஹாஸ்கெல்லை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிலிப் வாட்லர் ‘வியூஸ்’ கட்டுரையை எழுதியது 1987. அந்த வழியில் வந்த, மதிப்பை ஒரு ஃபங்ஷன் வழியாகப் பார்த்துப் பொருத்தும் வியூ பேட்டர்ன் ஜிஎச்சி 6.10இல் நுழைந்தது 2008. இருபத்தொரு வருஷம்! நம் ஊரில் பட்டா மாறுதலே அதற்குள் முடிந்துவிடும். போகாதா? ஹாஸ்கெல் 98 தரத்தில் வேரியபிளோடு எண் கூட்டி எழுதும் என்-பிளஸ்-கே பேட்டர்ன் இருந்தது. ஹாஸ்கெல் 2010 தரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆர்-பேட்டர்னும் தானாக உட்கார்ந்துகொள்ளாது. ஃபைலின் தலையில் பெயர் சொல்லி இயக்கினால்தான் வரும்; பல வசதிகளைச் சேர்த்து இயக்கும் ‘ஜிஎச்சி 2024’ தொகுப்பில்கூட அது இல்லை. பழைய கம்பைலரிலும் ஓட வேண்டிய லைப்ரரி எழுதுகிறீர்களா, இப்போதைக்குத் தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பேட்டர்னுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளும் பேட்டர்ன் சினானிம் 2014இல் வந்தது. அவற்றை வைத்து எழுதினால் ‘எல்லாம் எழுதியாயிற்று’ என்று கம்பைலருக்குத் தானாகத் தெரியாது. 2017இல் ஜிஎச்சி 8.2 பதிப்பில் கம்ப்ளீட் என்ற பிராக்மா, கம்பைலருக்கான குறிப்பு, கொடுத்தார்கள், ‘இவை சேர்ந்தால் முழுமை’ என்று நாமே எழுதிக் கொடுப்பது. பொய் எழுதினாலும் கம்பைலர் நம்பும். அங்கே எதிரணிக்கு ஒரு மார்க் போடுங்கள் நடுவர் அவர்களே. அரை மார்க்.

மணி அடிக்கப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி கடைக்கு வந்த நான்காவது ஆளைச் சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று பேரைச் சொன்னபோது சிரித்தீர்களே.

நான்காவதாக வந்தவர் வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா. முந்தானை முடிச்சை அவிழ்த்து 640 ரூபாயை மேஜையில் வைக்கிறார். “பாக்கி இல்லம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது” என்கிறார் அண்ணாச்சி. அந்த அம்மா எடுக்கவில்லை. “இருக்குய்யா. அரிசி வாங்கினேன், எண்ணெய் வாங்கினேன், புள்ளைக்கு நோட்டு வாங்கினேன். உங்க மிஷினுக்குத் தெரியலைன்னா எனக்குத் தெரியாதா? வரவு வச்சுக்குங்க.” நாலு எழுத்து படிக்காத அந்தத் தாய் அரிசி, எண்ணெய், நோட்டு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கணக்குக் கொடுக்கிறார். ‘மற்றதெல்லாம்’ என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை! படித்துப் பட்டம் வாங்கி நாம் எழுதிய புரோகிராம் அந்த அம்மாவைப் பார்த்து, ‘உனக்குக் கடனே இல்லை, போ’ என்கிறது. நடுவர் அவர்களே, இதில் தர்க்கம் எங்கே என்று கேட்காதீர்கள். அந்த 640 ரூபாய்க்கு நம் கணக்கில் ஒரு வரி வேண்டுமா, வேண்டாமா?

மணி அடித்துவிட்டது. எதிரணித் தம்பி, நாளைக் காலை உங்கள் கோடில் ஒரே ஒரு அண்டர்ஸ்கோரை அழித்துவிட்டு, வால் ஃபிளாக் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். வருகிற வார்னிங்கைப் படித்துவிட்டு இலை யாருடையது என்று அப்புறம் பேசுவோம். நன்றி, வணக்கம்.