பெப்லம்: முழு ஆடை ஒரு விளிம்பான கதை

(கும்பகோணத்தில் தையல் பயிலும் மாணவியரிடையே ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, தையல் கற்கும் தங்கைகளே, வணக்கம்.

உடம்போடு ஒட்டிய மேற்சட்டையின் இடுப்புத் தையலில், வட்டமாக வெட்டியோ சுருக்கு வைத்தோ சேர்த்த ஒரு சாண் துணி குடைபோல் விரிகிறதே, அந்தப் பகுதிக்குத்தான் பெப்லம் என்று பெயர். சட்டை முழுவதையும் அப்படி அழைப்பது கடை வழக்கு.

ஆனால் இச்சொல்லின் வேர் முழு ஆடையையே குறித்தது. பண்டைக் கிரேக்கப் பெண்கள் உடுத்திய ‘பெப்லோஸ்’ வெட்டுப்படாத நீள்சதுரக் கம்பளித் துணி. அதன் மேல்விளிம்பை வெளிப்புறமாக மடித்துத் தொங்கவிட்டு, தோள்களில் ஊசி குத்தி, இடையில் கச்சை கட்டும்போது, மடிந்து விழுந்த பகுதி இடுப்பருகே அலையலையாக நின்றது. ஏதென்ஸில் பானதெனாயா விழாவின்போது, அதற்கென்றே நெய்த பெப்லோஸை அதீனா தேவிக்குப் படைத்தார்கள். அம்மனுக்குப் புடவை சாத்தும் ஊரில் பிறந்த நமக்கு அந்தப் பக்தியை யாரும் விளக்க வேண்டியதில்லை. லத்தீனில் ‘பெப்லம்’ என வழங்கிய அச்சொல், 1860களில் பாவாடைமேல் அணியும் குட்டை மேற்பாவாடைக்குப் பெயராகி, பின்னர் இடுப்பு விளிம்போடு நின்றுவிட்டது. 1947இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் தியோர் காட்டிய ‘பார்’ சட்டையின் இறுக்கிய இடையும் விரிந்த விளிம்பும் புகழ்பெற்றவை.

நம் வயல்களில் நாற்று நட்ட பெண்களின் பின்கொசுவக் கட்டை நினைத்துப் பாருங்கள். கொசுவத்தைப் பின்னே செருகி, அதன் மேல்நுனியை வெளியே விசிறிபோல் விரித்துவிடுவார்கள். கிரேக்கத்துக்கும் காவிரிக்கரைக்கும் இதில் உறவு தேட நான் முனையவில்லை. வெட்டாத துணியை இடுப்பில் மடித்தால் அழகு அங்கே தானே திரளும் என்பதை இரு மக்களும் தத்தம் கையால் கண்டார்கள் என்பதே என் கருத்து. இடுப்பை இடை என்றும், நடு என்றும், அரை என்றும் சொல்லும் தமிழ், உடம்பின் மையத்தைச் சரியாகவே சுட்டுகிறது. பெப்லத்தின் தையலும் அந்த இடையில் அமைய வேண்டும். இரண்டு விரற்கடை இறங்கினாலும் விளிம்பு விரியாமல் தொங்கும்.

வட்ட வெட்டுக்கு இடையளவை 6.28ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 28 அங்குல இடைக்கு ஏறத்தாழ நாலரை அங்குலம்; தையலுக்கு விடும் அளவை அதிலிருந்து கழித்து வெட்டுங்கள். வட்டத் துணி மூலைவாட்டில் இழுபட்டு இறங்கும். ஆகவே ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் விளிம்பைச் சமன்செய்து மடித்துத் தையுங்கள்.