கிளிக்குக்குப் பாடகரா, பாடகருக்குக் கிளிக்கா?

வணக்கம். நண்பர் ஒருவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, காதில் கிளிக் (தாளத்தைப் பிடிக்க ஒலிக்கிற "டிக் டிக்" சத்தம்) எதுவும் இல்லாமல், மனம்போன வேகத்தில் பாடி ஒரு ஃபைல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு டிரம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற டிரம் துண்டு, போட வேண்டும். மென்பொருள் பாட்டைக் கேட்டு 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்று சொல்கிறது, நீங்களும் நம்பி ப்ளே அழுத்துகிறீர்கள். முதல் பத்து விநாடி ஜோராகப் போகும். அப்புறம் யாரோ மாடிப்படியில் தடுக்கி இறங்குகிற மாதிரி இருக்கும்.

மென்பொருள் சொன்னது சராசரி. 120 என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி. நண்பர் கொஞ்சமும் அலையாமல் 120.1 வேகத்தில் பாடியிருந்தால்கூட, நாலு நிமிடம் முடிகிறபோது டிரம்முக்கும் அவருக்கும் 0.4 தட்டு, அதாவது 200 மில்லி விநாடி இடைவெளி விழுந்துவிடும். அதில் கால்வாசி போதும், ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்க. நிஜத்தில் மனிதர்கள் பல்லவியில் ஓடுவார்கள், சரணத்தில் மூச்சு வாங்குவார்கள். சில சமயம் மென்பொருள் 70-ஐ 140 என்று காட்டும். அது பெரிய விஷயமில்லை, பாதியாக்கிவிட்டால் சரி.

வேகத்தைப் பார்க்கும் முன்னால் சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டு, எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஃபைலில் முதலில் வருகிற சத்தத்தையே முதல் தட்டு என்று மென்பொருள் பல சமயம் எடுத்துக்கொள்ளும். பாட்டின் எடுப்பு (பாட ஆரம்பிக்கிற இடம்) சமத்தில் இல்லாமல் முன்னாலோ பின்னாலோ இருந்தால் எல்லாமே தள்ளிப் போகும். பிபிஎம் சரியாகத்தான் இருக்கும், பாட்டு மட்டும் நொண்டும். நானே இதில் ஒரு ராத்திரி முழுக்க வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

சரி, யாரை யாருக்காக இழுப்பது? டேப் காலத்தில் ஆறு சதவீதம் வேகம் கூட்டினால் சுருதியும் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். இன்று இரண்டையும் பிரித்துக் கையாளலாம். பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் 1966-இல் ஃபேஸ் வோகோடர் என்ற ஒலி அலசும் முறை பற்றி எழுதினார்கள், இன்றைய நீட்டல் முறைகளில் பலவற்றுக்கு வேர் அதுதான். இசைப்பதிவு மென்பொருள்களில் இந்த நீட்டலுக்கு ஏபிள்டனில் வார்ப், லாஜிக்கில் ஃபிளெக்ஸ், ரீப்பரில் ஸ்ட்ரெச் மார்க்கர் என்று பெயர்கள் வேறு வேறு. ஆனால் எதுவும் இலவசமில்லை. குரலை ரொம்ப இழுத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது மாதிரி ஆகும், டிரம்மைக் குரலுக்கான முறையில் இழுத்தால் "டக்" என்பது "டஃக்" என்று மழுங்கும்.

ஒரு முறை பாட்டு முழுவதையும் சொல் சொல்லாகக் கட்டத்துக்குள் (மென்பொருள் திரையில் தட்டுகளைக் காட்டும் கோடுகளுக்குள்) உட்கார வைத்து, பெருமையாகப் பாடியவரிடம் போட்டுக் காட்டினேன். "நான் இப்படிப் பாடவே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு நான் பாட்டைத் தொடுவதில்லை. கட்டத்தைத்தான் பாட்டுக்கு வளைக்கிறேன். நாலு பாருக்கு (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) ஒரு தரம், கிதார் கம்பியில் விரல் படுகிற அந்தக் கூர்முனைக்குப் பார் கோட்டை இழுத்து வைத்தால் ஒரு டெம்போ மேப், அதாவது பாட்டின் வேகம் எங்கெங்கே மாறுகிறது என்ற வரைபடம், கிடைக்கும். எங்கே இன்னும் உதைக்கிறதோ அங்கே மட்டும் ஒவ்வொரு பாராகப் பாருங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் குறி வைக்கப் போனால் பாட்டு வலிப்பு வந்த மாதிரி ஆகிவிடும். பிறகு டிரம் லூப்பை, அடிகளுக்கான நீட்டல் முறையில், அந்த மேப்பின் பின்னால் போகச் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று பிபிஎம் ஏறி இறங்கினால் டிரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சரியாக வந்ததா என்று பார்க்க, கிளிக்கை இடது காதுக்கும் பாட்டை வலது காதுக்கும் தள்ளிவிட்டு, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கடைசி நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சறுக்கல் அங்கேதான் பெரிதாகக் கேட்கும்.